பென்ரோர்ச் பற்றரியின் இரு வரலாறுகள்

கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப்போகிறேன் என்றால், போரும் அரசியலும் பத்திரிகைத்துறையுமாக இதுவரை வாசித்துவந்த அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுத முற்படுவது விளையாட்டைப் பற்றி மட்டுமன்று. அந்தக் கருவிகளை இயக்கிய பென்ரோர்ச் பற்றரியைப் பற்றியும், அந்தப் பற்றரி உள்ளே நுழையக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருந்த ஒரு நிலப்பரப்பைப் பற்றியும்தான்.

1989 ஏப்ரல் 21 ஆந் திகதி ஜப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் கேம்போய் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. பச்சையும் மஞ்சளும் கலந்த, நிறங்களைக் காட்டாத ஒரு சிறு திரை. முதுகில் நான்கு பற்றரிகள். உலகம் 'டபிள் ஏ' என்று அழைக்கும் அந்தப் பற்றரியைத்தான் நாம் பென்ரோர்ச் பற்றரி என்கிறோம். அதன்பின் பதினான்கு மாதங்கள்கூட முழுதாகக் கழியவில்லை. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, உரம் என நீண்ட அந்தப் பட்டியலில் பற்றரியும் ஒன்று. ஆக, உலகத்தின் சிறுவர்கள் பென்ரோர்ச் பற்றரியைக் கட்டுக்கட்டாக வாங்கத் தொடங்கிய அதே காலப்பகுதியில், எங்கள் சிறுவர்களுக்கு அது கடத்தற்பொருளாகிவிட்டது.

கோப்பாய் என்றதும் வெளியூரார்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஆசிரிய கலாசாலையாக இருக்கலாம். வரலாறு படித்தவர்களுக்கு, 1560 இல் போர்த்துக்கேயர் படையெடுத்தபோது மன்னன் சங்கிலி நல்லூரை விட்டுப் பின்வாங்கிய கோட்டை நினைவுக்கு வரும். இருபாலைக்கும் நீர்வேலிக்கும் இடையே, பருத்தித்துறை வீதியின் இரு மருங்கிலும் அமைந்த ஊர். மேற்கே செம்மண் தோட்டங்கள். கிழக்கே உவர் வெளியும் அதற்கப்பால் கைதடிக்குச் செல்லும் பாதையும். விவசாயிகளும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் கலந்து வாழ்ந்த இவ்வூர், யாழ்ப்பாணத்துக்குள் நவீன சாதனங்கள் எவ்வாறு வந்தன, எவ்வாறு போயின என்பதை அறிவதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராதபடியால் வலிகாமத்து விவசாயியின் கையில் காசு புழங்கியது. ஆனால் அந்தக் காசைக் கொடுத்து வாங்குவதற்குக் கடையில் வெளிநாட்டு வானொலிப் பெட்டி இல்லை! 1977 இல் ஜே.ஆர். ஜயவர்தன திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தார். ஜப்பானிய கசற் றெக்கோடர்கள் வந்து குவிந்தன. அதே கப்பல்களில் வெங்காயமும் மிளகாயும் வந்திறங்கியதால் விவசாயியின் வருமானம் இறங்கிற்று. எங்கள் பகுதியில் நவீன சாதனங்களின் வரவை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்போர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி தொடங்கியது. தென்னைமர உயரத்துக்கு அன்ரெனா கட்டி, கடல் கடந்து வரும் தூரதர்ஷனையும் பிடிக்க முயன்றனர் எம்மவர். மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் கொண்டுவந்த 'டெக்' இருந்த வீடுகளில் ஓரிரவில் மூன்று படம், நான்கு படம் என்று ஓடியது. அக்காலத்தில் ஒரு சாதனத்தைப் பற்றி ஊரில் பேசப்பட்டதெல்லாம் அதன் நிறம், ஒலி, எந்தக் கம்பனி என்பவை மட்டுமே. அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சுவரில் ஒரு துளை இருந்தது; அதில் செருகினால் வேலை செய்தது. அவ்வளவுதான்.

1990 க்குப் பின்னர் அந்தத் துளைகளில் சிலந்தி வலை பின்னியது.

அந்தத் தடைக்கு அரசு கூறிய காரணம் பாதுகாப்பு. கண்ணிவெடியை வெடிக்கவைக்கப் பற்றரி பயன்படும் என்பது கட்டுக்கதையன்று, உண்மையே. ஆனால் ஆயுதம் தாங்கியோர்க்கு ஏதோவொரு வழியால் அது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கிடைக்காமற்போனது, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரோர்ச் அடித்துப் பார்க்க வேண்டிய தாய்க்கும், பி.பி.சி. தமிழோசையிலோ மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பிலோ தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதை அறியக் காத்திருந்த கிழவர்களுக்கும்தான்.

இங்கேதான் சைக்கிள் வருகிறது. சைக்கிளின் முன்விளக்குக்காகச் சக்கரத்தோடு உரசிச் சுழலும் டைனமோவை எல்லோரும் அறிவீர்கள். ஆறு வோல்ற், மூன்று வாட். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, அந்த மின்னை வானொலிக்குக் கொடுக்கும் வழக்கம் குடாநாடெங்கும் பரவியது. அதை முதலில் செய்தவர் யார் என்று கேட்டால் ஊருக்கு ஒருவரைக் காட்டுவார்கள். ஒரே தேவை எல்லா ஊரையும் நெருக்கியதால் பலரும் ஏககாலத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடும் என்பதே என் எண்ணம்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அப்படியன்று. டைனமோ தருவது திசைமாறும் மின்னோட்டம். வானொலிக்கு வேண்டியது ஒருதிசை மின்னோட்டம். எனவே நான்கு டயோட்டுகள் வேண்டும். அலையை மட்டப்படுத்த ஒரு கப்பாசிற்றர் வேண்டும். கடைகளில் இவை தீர்ந்துபோனதும், பழுதான தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திறந்து எடுத்தார்கள். வாழ்நாட் சேமிப்பில் வாங்கிய பெட்டியின் வயிற்றைக் கிழித்து ஓர் உழுந்தளவு டயோட்டை எடுப்பதற்கு உரிமையாளரே சம்மதித்தார் என்றால், காலம் எவ்வளவு மாறியிருந்தது பாருங்கள்! ஒரு சாதனத்தின் மதிப்பு அதற்குள் இருந்து கழற்றக்கூடிய உறுப்புகளின் மதிப்பாகச் சுருங்கியிருந்தது.

செத்த பற்றரிகளையும் எவரும் எறியவில்லை. வெயிலில் காயவைத்தால் சிறிது உயிர் வரும். ஆணியால் துளையிட்டு உப்புநீர் விட்டால் இன்னுஞ் சிறிது. உயிர் குறைந்த பத்துப் பன்னிரண்டு பற்றரிகளை மூங்கிற் குழாய்க்குள்ளோ சுருட்டிய தாளுக்குள்ளோ வரிசையாக அடுக்கி, ஒரு வானொலியைச் செய்தி நேரத்துக்கு மட்டும் பேச வைத்தார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய ஒஸ்ரின் காலத்துக் கார்கள் மீண்டும் தெருவுக்கு வந்ததும் இக்காலத்திற்றான். புதிய ஜப்பானியக் கார்கள் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொள்ளவில்லை. கிழட்டுக் கார்கள் சகித்துக்கொண்டன. இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் ஒரு ஜப்பானியர் இதையே வேறு வார்த்தையில் சொல்லப்போகிறார்.

1993 அல்லது 1994 ஆக இருக்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பையனுக்கு ஜேர்மனியிலிருந்த மாமன் ஒருவர் 'பிறிக் கேம்' ஒன்றை அனுப்பியிருந்தார். மேலிருந்து விழும் கட்டிகளை அடுக்கி வரிசைகளை நிரப்பும் விளையாட்டு. மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984 இல் உருவாக்கிய ரெற்றிஸின் மலிவுப் பிரதி என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அது கொழும்புக்கு வந்து, தாண்டிக்குளம் கடந்து, கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் தாண்டி, யாரோ ஒருவருடைய உடுப்புப் பொதிக்குள் கோப்பாய் வந்து சேர்ந்தது. கிளாலியைத் தாண்டுவது அந்நாளில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு செய்யும் பயணம். கருவி வந்து சேர்ந்தது. அதற்குள் இருந்த இரண்டு பென்ரோர்ச் பற்றரிகள் மட்டும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் கழற்றி எடுக்கப்பட்டுவிட்டன.

பையன் இரண்டு நாட்கள் அதை வெறுமனே அமுக்கிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள், சந்திக்கருகே வானொலி திருத்தும் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் பெரிய படிப்பாளியல்லர், கைப்பழக்கத்தால் கற்றவர். பிறிக் கேமுக்கு மூன்று வோல்ற் போதும். டைனமோவோ ஆறு வோல்ற். அதைவிட இன்னொரு சிக்கல் இருந்தது. இவ்வளவு சிறிய கருவி டைனமோவிலிருந்து எடுக்கும் மின் மிகச் சொற்பம். சுமை குறைந்தால் டைனமோவின் வோல்ற் ஆறில் நில்லாமல் ஏறிக்கொண்டே போகும், கருவி கருகிவிடும். அவர் செய்த வேலை இதுதான்: சைக்கிளின் முன்விளக்குக் குமிழைக் கழற்றாமல் அதே கம்பியில் விட்டார். மிகையான மின்னைக் குமிழ் குடித்துக்கொண்டது. பின்னர் சில டயோட்டுகளைத் தொடராகக் கோத்து, ஒவ்வொன்றும் முக்கால் வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவாக விழுங்க, மூன்று வோல்ற்றுக்கு இறக்கினார். பிறிக் கேமின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. இருட்டில் பார்க்க முடியாது. கருவியைக் காக்கவென்று விட்ட அந்தக் குமிழே விளையாடுவதற்கு வெளிச்சமும் தந்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பார்களே, அதுதான்.

ஒருவன் மிதிக்க மற்றவன் விளையாடவேண்டும். மிதிப்பவன் சோர்ந்தால் கட்டிகள் மங்கும். நிறுத்தினால் திரை வெறுமையாகும். அந்தக் கணமே அதுவரை சேர்த்த புள்ளியெல்லாம் அழிந்துவிடும். ஆகவே மிதிப்பவனோடு பகைக்க முடியாது. "டேய், இன்னும் ரெண்டு வரிசைதான், விடாம மிதியடா!" என்ற கெஞ்சல் ஒழுங்கை முழுதும் கேட்கும். நூறு எண்ணும்வரை ஒருவன், பின்னர் மற்றவன் என்று முறை வகுத்திருந்தார்கள். வானில் இரைச்சல் கேட்டால் குமிழை அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்குள் போவார்கள். திரும்பி வந்து பூச்சியத்திலிருந்து தொடங்குவார்கள்.

இனி, நான் சொன்ன ஜப்பானியர். குன்பெய் யோகோய் 1941 இல் கியோத்தோவில் பிறந்தவர். 1965 இல் நின்ரெண்டோவில் சேர்ந்தபோது அது விளையாட்டுச் சீட்டுகள் அச்சிடும் கம்பனி. இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. ஒருமுறை ரயிலில் பயணஞ் செய்கையில், அலுப்புற்ற ஓர் உத்தியோகத்தர் தம் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அமுக்கிப் பொழுதுபோக்குவதைக் கண்டார் என்றும், அதிலிருந்துதான் 1980 இல் வெளிவந்த 'கேம் அன்ட் வோச்' என்ற சிறு கருவிக்கான எண்ணம் பிறந்தது என்றும் சொல்வர். கணக்கிடும் கருவிகளின் போட்டியால் மலிந்துபோயிருந்த திரவப் பளிங்குத் திரையை அவர் விளையாட்டுக்குத் திருப்பினார். ஒன்பதாண்டுகளின் பின்னர் வந்த கேம்போயும் அவருடைய குழுவின் ஆக்கமே. அவர் தம் முறைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். தமிழில் 'வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்தித்தல்' எனலாம். வாடியது என்றால் பயனற்றது என்று பொருளல்ல. நெடுங்காலம் பாவனையில் இருந்து, குணங்குறைகள் எல்லாம் அறியப்பட்டு, விலையும் இறங்கிவிட்டது என்று பொருள். மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 கார் நினைவுக்கு வருகிறதா?

ரொறன்ரோவில் வாழும் என் மருமகன் ஒருவன் இந்த விளையாட்டுகளில் ஊறியவன். தொழில் வேறு; ஆனால் ஒரு புதிய கருவி வெளிவந்தால் அதன் திரை, வேகம், சூடு, விலை என்று ஒரு நீதிபதியைப்போல் தீர்ப்புரைப்பான். யோகோயைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவன் அவன்தான். கேம்போயின் வெற்றிக்குக் காரணம் பற்றரிதான் என்பது என் கட்சி. அதே 1989 இல் அற்றாரி கம்பனியின் லிங்ஸ் வந்தது, அடுத்த ஆண்டு சேகா கம்பனியின் கேம் கியர் வந்தது. இரண்டும் நிறத் திரை கொண்டவை, இருட்டிலும் ஒளிர்பவை. இரண்டுக்கும் ஆறு பற்றரிகள். கேம் கியர் அந்த ஆறையும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம்போயோ நான்கை வைத்துக்கொண்டு பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதாவது பதினைந்து மணி நேர விளையாட்டுக்கு ஒன்றில் நான்கு பற்றரி, மற்றதில் பதினெட்டு முதல் முப்பது வரை. தொகையைப் பாருங்கள்: கேம்போயும் அதன் நிறத்திரை வடிவமும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி.

மருமகன் இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, நீங்கள் எல்லாத்தையும் பற்றரியாலதான் பாக்கிறியள். விலையைப் பாருங்கோ. அமெரிக்காவில கேம்போய் 90 டொலர், லிங்ஸ் 180. அதோட ரெற்றிஸைச் சேத்தே குடுத்தவங்கள்" என்றான். நியாயமான வாதம். ஒரு விளையாட்டுக் கருவி நல்ல விளையாட்டு இல்லாமல் விற்காது என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும் விலையும் பற்றரியும் இரண்டு வேறு காரணங்கள் என்று அவன் பிரித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நிறமற்ற, ஒளியற்ற, வாடிய திரையைத் தேர்ந்தெடுத்ததால் அல்லவா விலையும் குறைந்தது, பற்றரியும் மிஞ்சியது? வேர் ஒன்று, கிளை இரண்டு.

இன்னொரு தகவலையும் அவனே தந்தான். 1990–91 வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் எரிந்த படைமுகாம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட, மேலோடு உருகிய கேம்போய் ஒன்று அதன்பின்னும் இயங்கியது. நியூயோர்க்கிலுள்ள நின்ரெண்டோ கடையில் அது பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. போரில் தப்பிய ஓர் அமெரிக்க விளையாட்டுக் கருவிக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. எங்கள் டைனமோ வானொலிகளில் ஒன்றையேனும் அவ்வாறு கண்ணாடிப் பெட்டியில் நான் பார்த்ததில்லை. இதை ஒரு முறைப்பாடாகவே எழுதுகிறேன். அந்நாளைய திருத்துநர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் எவரும் தம் மின்சுற்றுகளைத் தாளில் வரைந்து வைக்கவில்லை. போரில் எத்தனை எறிகணை விழுந்தது என்று நாங்கள் பத்திரிகைக்காரர் எழுதினோம், எழுதியே ஆகவேண்டியிருந்தது. ஆனால் அந்தச் செய்திகளை மக்கள் எந்தக் கருவியில் கேட்டார்கள், அக்கருவி எவ்வாறு உயிரோடிருந்தது என்பது செய்தியாகத் தெரியவில்லை.

1995 ஒக்டோபர் 17 இல் 'ரிவிரெச' படை நடவடிக்கை தொடங்கியது. படையினர் வடக்கிலிருந்து வலிகாமம் கிழக்கின் ஊர்களூடாக, நீர்வேலி, கோப்பாய் என்று யாழ் நகரை நோக்கி நகர்ந்தனர். ஒக்டோபர் 30 இல் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வலிகாமத்தை விட்டு வெளியேறினர். பலரிடம் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். ஒரே மின்நிலையமும் அதுதான். மாரிமழையில் உருட்டிச் சென்றார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது வீடுகளில் பெரும்பாலான சாதனங்கள் இல்லை. பிறிக் கேம் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தப் பையன் பின்னர் பிரான்சுக்குப் போனதாக அறிந்தேன்.

அதற்குப் பிந்திய கதையை விரைந்து சொல்லிவிடலாம். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது கைத்தொலைபேசியும் கணினியும் சேர்ந்தே உள்ளே வந்தன. யாழ் நகரில் இணையக் கடைகள் முளைத்தன. மணித்தியாலக் கட்டணத்துக்குப் பையன்கள் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் மூழ்கினர். உண்மைத் துப்பாக்கியை வீதியோரத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் திரையிலும் அதையே தேடியது பெரியவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடியது. 2013 இல்தான் குடாநாடு தேசிய மின்வலையமைப்புடன் மறுபடி இணைந்தது; இருபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர்.

2022 மார்ச் இறுதியில், டொலர் இல்லாமல் எரிபொருள் வாங்க முடியாத நிலையில், நாடு முழுவதற்கும் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. கொழும்பு நண்பர் ஒருவர் தொலைபேசியில், "உங்களுக்கெல்லாம் இது பழக்கந்தானே" என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். அவருடைய மகன் பெரும் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக் கணினி, மின்சாரம் இருந்த நேரங்களிலும் இணையக் கோபுரம் உறங்கியதால் விளையாட்டைத் திறக்க மறுத்ததாம். ஒற்றையாள் விளையாட்டுத்தான்; எதிரியும் அதற்குள்ளேயேதான். இருந்தும் எங்கோ தொலைவிலிருக்கும் சேர்வரிடம் அனுமதி கேட்காமல் திறக்காது! இதைக் கேட்டபோதுதான், எங்கள் காலத்துத் தட்டுப்பாடு வேறு, இன்றையது வேறு என்பது எனக்கு உறைத்தது. அன்று பொருள் எங்களுடையது, மின்சாரம் இல்லை. இன்று மின்சாரம் வந்தாலும் பொருள் எங்களுடையதா என்பது ஐயம்.

விளையாட்டுக்காரர்களின் இன்றைய கருத்துக்களை நான் மதிக்கத் தொடங்கியது இந்த இடத்திற்றான். வேகத்தைப் பற்றியும் திரையின் தெளிவைப் பற்றியும் மட்டுமே சண்டையிட்டுக்கொள்வோர் என்று அவர்களைப் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. பிரெஞ்சு நிறுவனமான யூபிசொவ்ற், 'த குறூ' என்ற கார்ப்பந்தய விளையாட்டின் சேர்வரை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் விளையாட முடியவில்லை. இதனையடுத்து எழுந்த 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்த மனுவில் 2025 ஜூலையில் கையொப்பங்கள் பத்து இலட்சத்தைத் தாண்டின. 2025 ஜூன் 5 இல் நின்ரெண்டோவின் சுவிற்ச் 2 வெளிவந்தது. அதற்கென விற்கப்பட்ட அட்டைகள் சிலவற்றில் விளையாட்டே இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டுமே இருந்தது. மருமகன் கொதித்தெழுந்து இதை எனக்கு விளக்கினான். யோகோய் வளர்த்தெடுத்த அதே கம்பனிதான்! யோகோய் 1996 இல் கம்பனியை விட்டு விலகி, 1997 இல் வீதி விபத்தொன்றில் மரணமானார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. அவரும் ஒரு வியாபார நிறுவனத்தின் ஊழியர்தான்.

பற்றரியின் கதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. கேம்போயின் பற்றரியை எந்தச் சிறுவனும் கழற்றி மாற்றலாம். ஆகவேதான் சோதனைச் சாவடியிலும் அதைக் கழற்ற முடிந்தது. பின்னர் வந்த தொலைபேசிகளிலும் கருவிகளிலும் பற்றரியைப் பசைகொண்டு ஒட்டி உள்ளே பூட்டிவிட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது களைத்துப்போனால் முழுக் கருவியும் குப்பை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய சட்டமொன்று, 2027 பெப்ரவரி 18 முதல் இத்தகைய சிறு கருவிகளின் பற்றரியைப் பாவனையாளரே எளிதில் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று கூறுகிறது. சந்திக்கருகே கடை வைத்திருந்தவர் இதைக் கேட்டால், இதற்கும் ஒரு சட்டமா என்று சிரித்திருப்பார். திருகாணி இல்லாத கருவியை அவர் கையாலும் தொட்டிருக்கமாட்டார்.

இவ்வளவையும் அண்மையில் மருமகனுக்குச் சொன்னபோது அவன் கேட்ட முதற் கேள்வி, "அந்தச் சேக்கிற் இப்பவும் உங்களுக்கு ஞாபகமோ, மாமா?" என்பதே. ஞாபகமிருந்தவரை சொன்னேன். நான்கு டயோட், ஒரு கப்பாசிற்றர், கழற்றாத குமிழ், தொடராகக் கோத்த டயோட்டுகள். அவன் குறித்துக்கொண்டு கணக்குப் பார்த்தான். பழைய கேம்போயை ஒரு டைனமோவால் தாராளமாக இயக்கலாமாம். அவன் கையிலுள்ள 'ஸ்ரீம் டெக்' என்ற கருவிக்குரிய சார்ஜர் 45 வாட். டைனமோவோ 3 வாட்.

"பதினைஞ்சு சைக்கிள் வேணும் மாமா!" என்று சிரித்தான்.

பதினைந்து சைக்கிளுக்கு எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் குறைவில்லை. ஒவ்வொரு வளவிலும் கோடிக்குள் சாத்தியபடி கிடக்கின்றன. மிதிப்பதற்குப் பதினைந்து பெடியன்களைத்தான் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் தேடிச் சேர்க்கவேண்டும்.